முட்டி வலி, முட்டி விட்டுப்போதல்: அடிபட்ட பிறகும் ஆபரேஷனுக்குப் பிறகும் அடிக்கடி வரும் கேள்விகள்

மும்பையில் சயானுக்கும் தாராவிக்கும் நடுவில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள். டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ வேகமாகச் சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதியை என்னிடம் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். உங்கள் முட்டியைத் தொட்டுச் சோதித்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர் சொன்னதே கணக்கு.

1. "வலிக்குதா, விட்டுப்போகுதான்னு ரெண்டா கேக்கறீங்களே, ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

இல்லை. வலியே இல்லாமல் முட்டி விட்டுப்போகும். உயிர் போகிற வலியிலும் முட்டி உறுதியாக நிற்கும். பலர் டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லி, வலி மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். நடக்கும்போது கால் மடங்குகிறது என்று சொன்னால்தான் அவர் எலும்பை எலும்போடு கட்டி வைக்கும் தசைநார்களைச் சோதிப்பார்.

விட்டுப்போவதிலும் இரண்டு வகை உண்டு. நேராக நடக்கையில் அல்லது படி இறங்குகையில் கால் சட்டென்று மடங்கினால், பெரும்பாலும் தொடையின் முன்தசை பிடிக்கவில்லை. திரும்பும்போது, ஓடிவந்து நிற்கும்போது, மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிற மாதிரி இருந்தால் தசைநார் மீது சந்தேகம். எந்த இடத்தில், என்ன செய்யும்போது விட்டுப்போச்சு என்று யோசித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

2. "கபடி ஆடும்போது 'டப்'புன்னு சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்கு வர்றதுக்குள்ள முட்டி உப்பிருச்சு. சுளுக்குதானே?"

சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விளையாடுகிற வயதில் அதற்கு முதல் காரணம் ஏ.சி.எல். என்ற முன் சிலுவைத் தசைநார் அறுவது. முட்டிச் சில்லு விலகினாலும், எலும்பு விரிசல் விட்டாலும் இப்படி வீங்கும். வீக்கம் நிதானமாக மறுநாள் காலையில் வந்தால் மெனிஸ்கஸ் என்ற, முட்டிக்குள் இருக்கும் மெத்தை மேல்தான் முதல் சந்தேகம். கபடியில் கணுக்காலை எதிராளி பிடித்திருக்க உடம்பு மட்டும் திரும்பும். ஏ.சி.எல். அறுவதற்கு அதுவே போதும், யாரும் முட்டியில் மோத வேண்டியதில்லை.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், நாளில் நாலைந்து தடவை. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. க்ரேப் பேண்டேஜ். சூடான எண்ணெய், அழுத்தி உருவுவது இரண்டும் வேண்டாம்.

இந்த விஷயத்தில் பையன்களிடம் நான் கத்துவது ஒன்றுக்குத்தான். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, "சரியாயிருச்சு" என்று மறுபடி மைதானத்தில் இறங்குகிறார்கள். தசைநார் இல்லாத முட்டி அடுத்த முறை விட்டுப்போகும்போது, அதுவரை நன்றாக இருந்த மெனிஸ்கஸும் கிழிகிறது.

3. "எக்ஸ்ரேல எலும்பு நல்லாருக்குன்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு எம்.ஆர்.ஐ.?"

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும். அடிபட்டவருக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்கக் கனடாவில் உருவான ஒட்டாவா விதி இருக்கிறது. வயது 55 அல்லது அதற்கு மேல், தொட்டால் சில்லில் மட்டும் வலி, முட்டிக்கு வெளிப்பக்கக் கீழே உள்ள சின்ன எலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, நாலு அடி எடுத்துவைக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

தசைநாரை முதலில் சோதிப்பது டாக்டரின் கை. முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். புதிதாக வீங்கிய முட்டியில் வலியால் தசை இறுகிக்கொள்வதால் இந்தச் சோதனை சரியாக வராது. "பத்து நாள் கழிச்சு வா" என்று சொல்வது உங்களை விரட்ட இல்லை. அந்தக் கைச்சோதனையில் சந்தேகம் வந்தால், உள்ளே வேறென்ன சேதம் என்று பார்க்க எம்.ஆர்.ஐ.

4. "ரிப்போர்ட்டப் பாத்துட்டு ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னாரு. எந்த ஜவ்வுன்னு கேக்க மறந்துட்டேன்."

ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஏ.சி.எல்., பி.சி.எல்., எம்.சி.எல்., எல்.சி.எல். நாலும் எலும்பை எலும்போடு கட்டி வைக்கும் தசைநார்கள். மெனிஸ்கஸ் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கிற மெத்தை, ஒரு முட்டிக்கு இரண்டு. உள்பக்க எம்.சி.எல். மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பெல்ட்டும் பயிற்சியுமே போதும். பி.சி.எல். அதிகம் அடிபடுவது பைக்கில்: மடங்கிய முட்டி நேராக எதிலாவது மோதும்போது. அவர்கள் திரும்புவதைவிடப் படி இறங்குவதைத்தான் குறை சொல்வார்கள்.

மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அங்கே தையல் பிடிக்கும். உள் ஓரத்துக்கு ரத்த ஓட்டம் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கிழிந்த துண்டு நடுவில் மாட்டி முட்டியை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒன்றிரண்டு நாளில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

5. "ஏ.சி.எல். அறுந்தா ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?"

எல்லாருக்கும் இல்லை. ஸ்வீடனில் ஏ.சி.எல். அறுந்த, சுறுசுறுப்பாக விளையாடும் 121 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். இன்னொன்றுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-இல் வந்த இரண்டு வருட முடிவில் இரண்டு குழுவின் முட்டியும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் குழுவில் பாதிப்பேர் ஆபரேஷனே செய்துகொள்ளாமல் இருந்தார்கள்.

என் கணக்கு இதுதான். உட்கார்ந்த வேலை, நேர்கோட்டில் நடை, நீச்சல், சைக்கிள் என்றால் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பாருங்கள். கபடி, கால்பந்து, சாரம் ஏறுகிற வேலை, அல்லது பயிற்சிக்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே முட்டி விட்டுப்போகிறது என்றால் ஆபரேஷன் பக்கம் சாயலாம். எப்படியானாலும் வீக்கம் வடிந்து, முட்டி முழுசாக நீளுகிற வரை பொறுப்பது நல்லது. வீங்கிய முட்டியில் அவசரப்பட்டுச் செய்தால் பிறகு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம்.

6. "ஊருக்குப் போயி கட்டுப் போட்டுட்டு வந்துர்றேனே. எங்க மாமாவுக்கு அங்கதான் சரியாச்சு."

மாமாவுக்கு எது உடைந்தது என்று முதலில் கேளுங்கள். பகுதி கிழிசல், எம்.சி.எல். கிழிசல் எல்லாம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெரும்பாலும் ஆறும். முழுசாக அறுந்த ஏ.சி.எல். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வெளியே போடுகிற எந்தக் கட்டும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்காது. மூங்கில் பட்டையும் துணியுமாக நாலைந்து வாரம் அசையாமல் கட்டி வைத்தால் தொடைத் தசை வற்றும், முட்டி மடங்காது. அப்படி வந்தவர்களுக்கு முதல் ஒரு மாதம் நான் கட்டு ஏற்படுத்திய இறுக்கத்தைத்தான் எடுக்கிறேன். முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை.

7. "முட்டிக்கு 'நீ-கேப்' உறை போட்டா போதுமா?"

இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் உறை, முட்டி எங்கே இருக்கிறது என்கிற உணர்வைக் கூட்டும், கொஞ்சம் தைரியம் தரும். அறுந்த தசைநாரின் வேலையை அது செய்யாது. பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ் வேறு சாமான், டாக்டர் சொன்னால் சொன்ன காலத்துக்கு மட்டும். ராத்திரி இறுக்கமாகப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்.

8. "ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம். டாக்டர் எல்லாம் நல்லாருக்குங்கறாரு. ஆனா படி இறங்கும்போது கால் மடங்குது. தப்பா பண்ணிட்டாங்களோ?"

இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்களும் கேட்பார்கள், மூட்டு மாற்றியவர்களும் கேட்பார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் சரியாகவே இருக்கும். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை, தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடும். நீங்கள் சோம்பேறித்தனமாக இருப்பதால் அல்ல, வலி இல்லாவிட்டாலும் இது நடக்கும். முதல் கேள்வியில் சொன்ன முதல் வகை இதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அழுத்துங்கள். சில்லுக்கு மேலே உள்பக்கத்தில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலில் அந்த இடம் கெட்டியாக எழும்பி, சில்லு மேல்நோக்கி நகரும். ஆபரேஷன் ஆன காலில் விரலுக்கு அடியில் மெத்தென்றே இருக்கும், பதிலாகப் பிட்டம் இறுகும். பிட்டத்தைத் தளரவிட்டு, அந்த இரண்டு விரலுக்கு அடியில் மட்டும் இறுக வைக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, பத்துத் தடவை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தாலும் தப்பில்லை.

அடுத்து, முட்டியை நீட்டியபடியே காலை ஒரு சாண் தூக்குங்கள். குதிகால் மேலே வந்தும் முட்டி லேசாகத் தொய்ந்தால், அந்தத் தொய்வு போகும்வரை தடியை விடாதீர்கள். பிசியோவில் மிஷின் வைத்து மின்சாரம் கொடுப்பது இந்தத் தசையை எழுப்பத்தான், வலியைப் போக்க மட்டும் என்று நினைத்து மிஷினோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். மிஷின் போடும்போது நீங்களும் சேர்ந்து இறுக்க வேண்டும்.

9. "எல்லாரும் மடக்கு மடக்குங்கறாங்க. நீங்க மட்டும் நீட்டு நீட்டுங்கறீங்க?"

மடக்குவது மெதுவாக வந்தாலும் வந்துவிடும். முதல் சில வாரத்தில் நீட்டுவதைத் தவறவிட்டால் பிறகு மீட்பது கஷ்டம். முழுசாக நீளாத முட்டியில் நிற்கும்போது முன்தசைக்கு ஓய்வே கிடையாது. சில்லுக்குப் பின்னால் வலி, நொண்டல், மாலையில் வீக்கம் எல்லாம் அதன் பின்னால் வரும். குதிகாலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து, முட்டியைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் இருங்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாகத்தான் இருக்கும். செய்யாதீர்கள்.

10. "வெட்டுத் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக்கிடக்கு. நரம்பை வெட்டிட்டாங்களா?"

தோலுக்கு உணர்ச்சி தரும் ஒரு மெல்லிய கிளை அந்த வழியாகத்தான் போகிறது. முன்பக்கம் வெட்டினால் அது அடிபடுவதைப் பல நேரம் தவிர்க்க முடியாது. மரத்த இடம் மாதக்கணக்கில் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். நடைக்கும் பலத்துக்கும் அதனால் குறை வராது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் அது வேறு, உடனே சொல்லுங்கள்.

11. "மூணு மாசத்துல வலியே இல்ல. மேட்ச் ஆடலாமா அக்கா?"

ஆடக்கூடாது. ஏ.சி.எல். ஆபரேஷனில் புதிதாக வைத்த தசைநார், உங்கள் தொடைப் பின்பக்கத்திலிருந்தோ சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்தது. முதலில் அதற்கு ரத்த ஓட்டமே இல்லை. அது உயிர்பிடித்து மாறிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று மாதத்தில்தான் மிகவும் பலவீனம். வலி போகிற நேரமும் அதே நேரம் என்பதுதான் சிக்கல். 9 மாதம் குறைந்தபட்சம். அதோடு தொடைப் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் குதித்துத் தாண்டும் தூரமும் அப்படியே. காலண்டரை மட்டும் பார்த்து யாரையும் மைதானத்துக்கு அனுப்ப மாட்டேன்.

12. "அம்மாவுக்கு முட்டி மாத்தி நாலு மாசம். இன்னும் சூடா இருக்கு, நடந்தா டிக் டிக்குன்னு சத்தம் வருது."

சூடும் லேசான வீக்கமும் ஆறு மாதம் வரைகூட இருக்கும். சிலருக்கு அதற்கு மேலும். சத்தம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது. வலியில்லாத சத்தத்தை விட்டுவிடலாம். நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதே முக்கியம்.

மூட்டு மாற்றியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார். இதை ஆபரேஷனுக்கு முன்பே யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். சொல்லியிருந்தால் அம்மா தன்மேலேயே குறைபட்டுக்கொள்ள மாட்டார்.

13. "மாத்தின முட்டியே ஆடுற மாதிரி இருக்குங்கறாங்க. அது எப்படி ஆடும்?"

முதலில் 8-ஆம் பதிலில் உள்ள துண்டுச் சோதனை. தசை நன்றாக இருந்தும், படி இறங்கும்போது நம்பிக்கை இல்லை, நாற்காலியிலிருந்து எழும்போது வழுக்குகிறது, முட்டி அடிக்கடி நீர் கோக்கிறது என்றால், மடங்கிய நிலையில் பக்கத் தசைநார்கள் தளர்ந்திருக்கலாம். நீட்டி வைத்துப் பார்த்தால் முட்டி உறுதியாகவே தெரியும், அதனால் "ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடுவார்கள். 90 டிகிரி மடக்கி வைத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றாக இருந்த முட்டி வருடங்கள் கழித்துப் புதிதாக வலித்தால், பாகம் தளர்ந்ததா, கிருமி புகுந்ததா என்று ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். பயிற்சியால் சரிசெய்கிற விஷயம் அல்ல அது.

14. "தரையில உக்காரலாமா? எங்க சால்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) இந்தியன் டாய்லெட்தான், என்ன பண்றது?"

மாற்று மூட்டு பெரும்பாலும் 110, 120 டிகிரி மடங்கும். குந்த அதற்கும் மேலே வேண்டும். பெரும்பாலான சர்ஜன்கள் குந்த வேண்டாம், சம்மணம் வேண்டாம் என்பார்கள். மெனிஸ்கஸ் தையல் போட்டவர்களும் பொதுவாக நாலைந்து மாதம் குந்தக் கூடாது. ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே டாய்லெட் ஏற்பாட்டை முடியுங்கள். இந்தியன் பேசின் மேல் வைக்கிற, நடுவில் ஓட்டை உள்ள கமோட் ஸ்டூல் மெடிக்கல் சாமான் கடைகளில் கிடைக்கும். பொதுக் கழிப்பறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவது கூச்சம்தான். அந்தக் கூச்சத்தால் அம்மாமார்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு அது நல்லதல்ல. வீட்டுக்குள் வைக்கிற கமோட் நாற்காலி முதல் மாதத்துக்கு வாடகைக்கும் கிடைக்கும்.

செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படி ஏற வேண்டுதல் இருக்கிறது என்பவர்களுக்கு: ஏறலாம், அவசரமில்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தடி எதிர்க் கையில்.

15. "லோக்கல் ட்ரெயின்ல எப்ப போலாம்?"

பிளாட்பாரத்தில் அவசரமாக நடக்க, ஒற்றைக் காலில் பத்து எண்ண, தடியில்லாமல் பாலம் ஏறி இறங்க முடிந்த பிறகு, அதுவும் கூட்டமில்லாத நேரத்தில். தாதரில் இறங்கும்போது கூட்டம் உங்களைத் தள்ளும். பாதம் ஊன்றியபடி இருக்க உடம்பு திரும்பும். 2-ஆம் பதிலில் ஏ.சி.எல். எப்படி அறுந்தது என்று சொன்னேனே, அதே அசைவு. இறங்குகிற ஸ்டேஷனுக்கு முன்பே வாசல் பக்கம் வந்து, சின்னச் சின்ன அடியாகப் பாதத்தோடு திரும்புங்கள். வாசலில் தொங்குவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

16. "எனக்கு 60 வயசு, எங்கயும் விழல. எம்.ஆர்.ஐ.ல மெனிஸ்கஸ் கிழிசல்னு வந்திருக்கு. ஸ்கோப் போட்டு சுத்தம் பண்ணிடலாம்னு சொல்றாங்க."

ஸ்கோப் என்பது சின்ன ஓட்டை வழியாகக் கேமராக் குழாய் விட்டு முட்டிக்குள் செய்யும் ஆபரேஷன். இரண்டாவது டாக்டரிடமும் கேளுங்கள். இந்த வயதில் தேய்மானத்தோடு வருகிற கிழிசல் வலியே இல்லாதவர்கள் முட்டியிலும் தெரியும். 2002-இல் அமெரிக்காவில் தேய்மானம் உள்ள 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான ஸ்கோப், சிலருக்குத் தோலில் வெட்டு மட்டும். வலி குறைந்ததில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2017-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலும் தேய்மான முட்டிக்கு ஸ்கோப் வேண்டாம் என்றே சொல்கிறது. முட்டி பூட்டிக்கொண்டால் கதை வேறு, 4-ஆம் பதிலைப் பாருங்கள்.

எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். ஆனால் மூட்டு மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் போடக் கூடாது, கிருமி புகும் ஆபத்து கூடும்.

17. "ஆபரேஷனுக்கு அப்புறம் கெண்டைக்கால் வலிக்குது. பயிற்சி ஜாஸ்தியா போச்சோ?"

இருக்கலாம். ஆனால் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். தேய்த்துவிடாதீர்கள். கூடவே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் நேராக எமர்ஜென்சி. காய்ச்சலோடு முட்டி சிவந்தாலும், தையலில் சீழ் வந்தாலும் பிசியோவிடம் வராதீர்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

18. "ஸ்கேன் நல்லாருக்கு, பலமும் வந்துருச்சுங்கறீங்க. ஆனா அந்தக் கால ஊன பயமா இருக்கு. மனசுல இருக்கறதா இது?"

மனசிலும் இருக்கும், உடம்பிலும் இருக்கும். ஒருமுறை விட்டுப்போன காலை நம்பாமல், தெரியாமலே பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிவிடுகிறோம். "பயப்படாதே" என்று சொல்லி இது போகாது. ஒரு செங்கல் உயரப் படியில் நின்று, அந்தக் காலை மடக்கி, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுங்கள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு விட்டு, பிறகு உயரமான படியில். முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், சாய்ந்தால் உயரத்தைக் குறையுங்கள்.

இப்படி ஒழுங்காகச் செய்தும் ஆறு மாதம் தாண்டிப் பயம் குறையவே இல்லை என்றால், சர்ஜனிடம் மறுபடி ஒருமுறை கையால் சோதிக்கச் சொல்லுங்கள். புதுத் தசைநார் தளர்ந்திருக்கலாம், தையல் போட்ட மெனிஸ்கஸ் விட்டிருக்கலாம். போகும்போது முதல் கேள்வியின் பதிலில் சொன்னபடி, எந்த இடத்தில், என்ன செய்யும்போது பயம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.